மண் மாதிரி முதல் சினை ஊசி வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்று வந்திருக்கிறது. பயிரோ வளர்ச்சியே இல்லாமல் நிற்கிறது. ஆய்வகத்தை நம்பலாமா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: ஆய்வகத்தைச் சந்தேகிக்கும் முன், மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். எரு குவித்திருந்த இடம், வரப்போரம், மர நிழல், வாய்க்கால் ஓரம் இவற்றிலிருந்து ஒரு பிடி கலந்தாலே முடிவு மாறிவிடும். எருக் குவியல் கிடந்த இடத்தில் மணிச்சத்து தேங்கியிருக்கும். அந்த மண்ணைக் கொடுத்தால் அட்டை அதைத்தான் காட்டும். அதை நம்பி, மணிச்சத்து தரும் டி.ஏ.பி. உரத்தை நிறுத்தினால் மற்ற இடத்துப் பயிர் பட்டினிதான்.

அறுவடை முடிந்து, அடியுரம் போடும் முன் எடுங்கள். உரம் போட்டிருந்தால் மூன்று மாதம் பொறுங்கள். வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவத்தில் குழி வெட்ட வேண்டும். நெல், கடலைக்கு 15 செ.மீ. ஆழம், பருத்தி, கரும்புக்கு 22.5 செ.மீ. குழியின் இரு பக்கச் சரிவையும் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குல கனத்துக்குச் சீவி, பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டமும் பார்க்கச் சொல்வதாக இருந்தால் இரும்பு மண்வெட்டி பட்ட பரப்பை மரக்குச்சியால் சுரண்டி விட்டு எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். பழைய உரச்சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அதைச் சோதிப்பதும் ஒன்று, சோதிக்காததும் ஒன்று. மேட்டு மண்ணும் பள்ள மண்ணும் நிறத்தில் வேறுபட்டால் தனித்தனி மாதிரிதான்.

கேள்வி: கத்தரி வாடுகிறது. செல்போனில் படம் அனுப்பினேன். கடைக்காரர் ஒரு மருந்து சொல்கிறார், வேளாண்மை அலுவலர் இன்னொன்று சொல்கிறார். (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: வாடலைப் படத்தில் கண்டுபிடிப்பது கடினம். பூஞ்சாணமோ, பாக்டீரியாவோ, நூற்புழுவோ, தேங்கிய தண்ணீரோ, எதனால் வாடினாலும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். நுனிக் குருத்து மட்டும் தொங்கினால் அதைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். புழு இருந்தால் அது தண்டு, காய்த் துளைப்பான்.

முழுச் செடியும் வாடினால், அடித்தண்டை இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் அசையாமல் தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல்; பூஞ்சாணக்கொல்லி ஊற்றுவது வீண் செலவு. வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அலுவலரிடம் காட்டப் பாதி வாடிய செடியொன்று, நல்ல செடியொன்று கொண்டு போங்கள். பிடுங்காமல் தோண்டி எடுத்து, செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலிதீன் பையில் வியர்த்து அழுகிவிடும். முந்தைய பயிர் என்ன, கடைசியாக எதை, எப்போது தெளித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் மாடு சினை பிடிக்கவில்லை. (பொள்ளாச்சி வாசகி)

பதில்: பெரும்பாலும் நேரம் தவறுகிறது. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில் ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வடியும் வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாகவோ சீழ் கலந்தோ வந்தால் கருப்பையில் தொற்று, சிகிச்சைதான் முதலில். ஊசி போட்ட ஓரிரு நாளில் ரத்தம் கசிந்தால் பயப்படாதீர்கள், அதை வைத்து சினை நின்றதா இல்லையா என்று சொல்ல முடியாது. 21 நாள் கழித்துப் பருவம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். நான்காவது ஊசிக்கு முன் மருத்துவரிடம் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள். தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை யாரைக் கூப்பிடுவது? (மதுரை வாசகர்)

பதில்: கால்நடைக்கு 1962. பயிருக்கு 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம்.