தடுப்புள்ள மிதிவண்டித் தடத்தைச் சோதனையாகத் தொடங்குவது எப்படி?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூரில் வசிக்கிறோம். பேருந்துகளுக்கு நடுவே பிள்ளைகளை மிதிவண்டியில் பள்ளிக்கு அனுப்ப அச்சமாக இருக்கிறது. தனித்தடம் கேட்டால், திட்ட அறிக்கைக்கும் நிதிக்குமே ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். விரைவாகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. வண்ணக்கோடு, தரையில் திருகிப் பொருத்தும் வளையும் கம்பங்கள், நகர்த்தக்கூடிய கான்கிரீட் கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு ஓராண்டுக்குச் சோதனைத் தடம் அமைக்கக் கோருங்கள். கனடாவின் கால்கரி நகரம் 2015 ஜூனில் நகர மையத்தில் சுமார் 6.5 கிலோமீட்டர் தடங்களை ஒரே வேளையில் சோதனையாகத் திறந்து, பயன்பாட்டை அளந்து, 2016 டிசம்பரில் அவற்றை நிரந்தரமாக்கியது. நமக்கு அருகிலேயே முன்மாதிரி வேண்டுமென்றால், நகரங்களில் மிதிவண்டிப் பயணத்தை ஊக்குவிக்க மத்திய அரசு 2020-இல் தொடங்கிய 'சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' போட்டியில் கொச்சியும் பங்கேற்றதை அதிகாரிகளிடம் சொல்லலாம்.

கால்கரியில் கவனிக்க வேண்டியது, தடங்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்ததுதான். கடைவீதியில் முந்நூறு மீட்டர் மட்டும் போட்டு நிறுத்தினால், பிள்ளைகள் நெரிசலுக்குள்தான் போய் இறங்குவார்கள். பிறகு யாரும் ஓட்டவில்லை என்று சொல்லி அதையும் பிடுங்கிவிடுவார்கள். நீளம் குறைவாக இருந்தாலும், குடியிருப்பிலிருந்து பள்ளி வாசல் வரை அறுபடாத ஒரே வழியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒருவழித் தடத்துக்கு 2 மீட்டரும் தடுப்புக்கு அரை மீட்டரும் கிடைத்தால் நன்று. அந்த இடத்தை வண்டி நிறுத்தும் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டுமே தவிர நடைபாதையிலிருந்து அல்ல. கடைக்காரர்களின் எதிர்ப்பு இங்கேதான் எழும் என்பதால், சரக்கு இறக்கும் இடத்தையும் நேரத்தையும் அவர்களோடு முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். பேருந்து நிறுத்தங்களில் தடம் நிழற்குடைக்குப் பின்னால் செல்வதே சிறந்தது. மழைக்காலத்தில் சாதாரணப் பெயிண்ட் வழுக்கும். சொரசொரப்பான பூச்சு தேவை. உங்கள் ஊரின் கொங்கன்படைத் திருவிழாவின்போது கழற்றி மாட்டும் வகையில் கம்பங்கள் இருந்தால், ஒரு பெரிய தகராறு மிச்சம்.

சாலை நகராட்சியுடையதா பொதுப்பணித்துறையுடையதா என்பதை முதலில் உறுதிசெய்து, வார்டு சபையில் கோரிக்கையைப் பதிவுசெய்து, நகராட்சிச் செயலாளரிடம் மனு கொடுங்கள். தடம் போடுவதற்கு முன்பே, ஒரு வேலைநாளில் பள்ளி நேரத்தில் எத்தனை மிதிவண்டிகள் செல்கின்றன, வண்டிகள் எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில், அதே நேரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணினால்தான் ஓராண்டு முடிவில் நகரமன்றத்தின் முன் வைக்க உங்கள் கையில் ஒப்பீடு இருக்கும்.