காலை 8 மணிக்குப் பூட்டினால் மாலை 5 மணிவரை குட்டி தாங்குமா?

கேள்வி: தக்கலை பக்கம் குடியிருக்கிறோம். கணவர் காலை ரயிலுக்குத் திருவனந்தபுரம் போனால் இரவு 7 மணி ஆகும். நான் நாகர்கோவிலில் ஆசிரியை. 8 மணிக்குக் கிளம்பி 5 மணிக்குத் திரும்புவேன். போன ஞாயிற்றுக்கிழமை 50 நாள் லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கினோம். பள்ளி திறக்க இன்னும் 2 வாரம் இருக்கிறது. கதவைச் சாத்தினாலே ஊளையிடுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டா மத்தியான உறக்கம் போச்சு என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். விற்றவரிடம் கேட்டால், “காலையில அரை அலர்ஜி மாத்திரை குடுங்க, சாயங்காலம் வரை உறங்கும்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. அந்த மாத்திரையின் அளவு பெரிய மனிதருக்குக் கணக்குப் பண்ணியது. உங்கள் குட்டி இப்போது 5 கிலோ இருந்தாலே பெரிது. அளவு மிஞ்சினால் சில குட்டி சுருண்டு கிடக்கும், சிலது நேர்மாறாக வெறிபிடித்தாற்போல் சுற்றி வலிப்பில் கொண்டுபோய் விடும். அரை மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். வீட்டில் பார்க்க ஆள் கிடையாது. இத்தனைக்கும் குட்டி எதையும் பழகியிருக்காது. மருந்து தெளிந்ததும் அதே பயம் திரும்ப வரும்.

மாத்திரை சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் மத்திய அரசு போட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 8 வாரம் என்றால் 56 நாள். அவர் வாய்க்கணக்கிலேயே 50 நாள்தான். விதி கெஜட்டில் பத்திரமாக இருக்கிறது. குட்டி அட்டைப்பெட்டியில் பஸ் ஏறுகிறது. யார் போய்ப் பார்க்கிறார்கள்? அந்த 50 நாளும் நிஜமா என்று வாயைத் திறந்து பாருங்கள். கடைவாய்ப் பக்கம் பால்பல் வரிசையாக முளைத்திருக்க வேண்டும். ஈறு மொழுமொழுவென்று இருந்தால் அது ஐந்து வாரக் குட்டி. தாயையும் கூடப்பிறந்ததுகளையும் சீக்கிரம் பிரித்த குட்டி கூடுதலாகத்தான் அழும். தடுப்பூசிப் புத்தகத்தையும் பிரியுங்கள். மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டி, டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லையென்றால் அது ஊசி போட்ட கணக்கில்லை, வெறும் பால்பாயின்ட் பேனா எழுத்து.

இனி கணக்கு. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். அத்தனை மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும், அதுவும் அதிகபட்சமாக. 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். நீங்கள் கேட்பது 9. தனியாக இருக்கப் பழக்கலாம். மூத்திரப்பை வளர்வதற்குமுன் அதை அடக்கப் பழக்க முடியாது. ஆகவே நடுவில் ஒரு ஆள் வந்துதான் தீர வேண்டும். அந்த ஆள் யார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

பழக்குவதை நாளைக்கே தொடங்குங்கள். முதல் வேலை வெளியே போவதே அல்ல. உங்கள் குட்டியைக் கவனியுங்கள்: வண்டிச் சாவி கிலுங்கியதும் படுத்த இடத்திலிருந்து தலை தூக்கும், கைப்பை தோளில் ஏறியதும் காலடிக்கு வந்து நிற்கும், செருப்பு மாட்டும்போது முனகல் ஆரம்பித்துவிடும். கதவு சாத்துவதற்கு ரொம்ப முன்னாலேயே அதற்கு அழுகை தொடங்கியாயிற்று. அதனால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் தேங்காய் துருவுங்கள். பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து டிவி பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. இரண்டு மூன்று நாளில் சாவிச் சத்தத்துக்கு அது கண்ணைக்கூடத் திறக்காது.

அடுத்து கதவு. 10 விநாடி வெளியே நின்று, அது அழ ஆரம்பிப்பதற்குள் உள்ளே வாருங்கள். பிறகு 30 விநாடி, 2 நிமிடம், மறுபடி 20 விநாடி, அப்புறம் 5 நிமிடம் என்று கூட்டியும் குறைத்தும். அழுதுவிட்டால் குட்டியின் தப்பு கிடையாது, நீங்கள் நேரத்தைக் கூடுதலாக இழுத்துவிட்டீர்கள். அடுத்த தடவை பாதியாகக் குறையுங்கள். “அழுது அழுது தானா அடங்கும், விடு” என்று ஊரில் பத்துப் பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பெரும்பாலும் முதல் அரை மணி நேரம்தான் கண்டம். ஒரு பழைய போனை வீடியோவில் வைத்துவிட்டு முற்றத்தில் போய் நில்லுங்கள். அரை மணி தாண்டிக் கால் நீட்டிப் படுத்துவிட்டால் இரண்டு மணி நேரம் வரை துணிந்து நீட்டலாம். போகும்போது கொஞ்சலும் வேண்டாம், வந்ததும் திருவிழாவும் வேண்டாம்.

குட்டியை விட்டுப்போகும் அறை விஷயத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். சங்கிலி வேண்டாம், எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். ஃபினாயில் ஊற்றிய குளியலறை வேண்டாம்; அது பாதத்தில் பட்டு நக்கினால் விஷம். சாக்கைப் பிய்த்து நூல் நூலாக விழுங்கும், சிரட்டைத் துண்டு குடலில் சிக்கும், பச்சை மரச்சீனித் தொலியில் சயனைடு உண்டு. மூன்றும் நம்மூர் வீட்டில் கையெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு முக்கால் மணி முன்னால் சாப்பாடு. பிறகு முற்றத்தில் ஒன்றும் இரண்டும் முடித்த பிறகே அறைக்குள் விட வேண்டும். பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால் வயிறு இளகி, மாலையில் நீங்கள்தான் தரை துடைப்பீர்கள்.

இத்தனையும் சொன்னபிறகு ஒரு விலக்கு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகிற குட்டிக்கு மேலே சொன்னதெல்லாம் சரி. திடீரென்று அழுகையை நிறுத்திய குட்டிக்கு எதுவும் பொருந்தாது. ஒரு சனிக்கிழமை மாலை என்னிடம் ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். “ரெண்டு நாளா சத்தமே இல்ல டாக்டர், நல்லா பழகிட்டான்னு நினைச்சோம்” என்றார் அந்த வீட்டுக்காரர். துண்டைப் பிரித்ததும், பார்வோ என்கிற வைரஸ் குட்டிகளுக்குக் கொண்டுவரும் கழிச்சலின் அந்த இரத்த வாடை அறை முழுக்க அடித்தது. ஈறு வெளுத்து, தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அது பிழைக்கவில்லை. படிப்படியாக அடங்குகிற குட்டி, நீங்கள் வந்ததும் வாலாட்டி ஓடிவரும், தட்டை வழித்துத் தின்னும். ஒரே நாளில் அடங்கி, தின்னாமல், மூலையில் முதுகு வளைத்து உட்காருகிற குட்டியிடம் பயிற்சியை அந்த நிமிடமே நிறுத்துங்கள். ஒரு வாந்தி போதும், டாக்டரிடம் ஓடுங்கள், இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டாம். விடுமுறையிலேயே தடுப்பூசியைச் சரிபார்க்கச் சொல்வதும் இதற்குத்தான்: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3–4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை, 3 மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எலிக்காய்ச்சலும் உண்டு, அதற்கும் சேர்த்துள்ள ஊசியாகக் கேளுங்கள். அரசு கால்நடை மருந்தகம் திறந்திருப்பதோ நீங்கள் வகுப்பில் நிற்கிற நேரம். வேலைக்குப் போகிற ஜனம் நாய் வளர்க்காது என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள் போல. பள்ளி திறப்பதற்குள் போய்விடுங்கள்.

இனி வேறு யோசனைகள் உங்களைத் தேடி வரும். “2 மாதம் எங்கிட்ட விடுங்க, பழக்கித் தர்றேன்” என்று ஒருவர் வருவார். ஊசி முடியாத குட்டியை இருபது நாய் நடுவில் விடுவது பார்வோவுக்கு விருந்து வைப்பது. அதோடு, அது பழகப்போவது அவர் கூண்டை; உங்கள் வீட்டை அல்ல. “துணைக்கு இன்னொண்ணு வாங்குங்க, விலை குறைச்சுத் தர்றேன்” என்பார் விற்றவர். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஊளையிடும்.

நடுவில் வரவேண்டிய ஆள், உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டாதான். புகார் சொல்ல வந்தவரிடமே சாவியைக் கொடுங்கள். இந்த இரண்டு வாரமும் மாலையில் அவர் கையால் நாலு வாய் தீனி கொடுக்கச் சொன்னால் குட்டி அவர் காலடிச் சத்தத்துக்கே வாலாட்டும். பள்ளி திறந்தபின் 11 மணிக்கு ஒரு தடவை, 2 மணிக்கு ஒரு தடவை, முற்றத்தில் விட்டு, மதியச் சாப்பாடு போட்டு, திரும்ப அறையில் விட்டால் போதும். அவர் உறக்கமும் கெடாது. 6 மாதம் ஆனபின் ஒரு தடவை வந்தால் போதும். ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பாசத்தில் சாளை மீன் முள்ளை அள்ளிப் போட்டுவிட வேண்டாம்.