நில அளவை, நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவருக்கு அரசு தனியாக உதவித்தொகை தருகிறதா?

சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் நில அளவை விஞ்ஞானத்தையா, மொறட்டுவையின் நகர, நாட்டுத் திட்டமிடலையா விண்ணப்பத்தில் முதலில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு நிலைமை இடம்கொடுக்காததால், இத்துறைகளுக்கென்று அரச உதவி ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முல்லைத்தீவில் ஒரு கச்சான் தோட்டக்காரரின் மகனாக வளர்ந்து, சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல்ஓயாவில் நான்கு வருடம் நில அளவை படித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் எவரும் துறைக்கென்று தனியான உதவித்தொகை பெறவில்லை. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை என்பதே முதலாவது பெரிய உதவி. அதற்கு மேல், எந்தத் துறையில் படித்தாலும் பொதுவாகக் கிடைக்கக்கூடியவை இரண்டு: 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியிலிருந்து வரும் மகாபொல புலமைப்பரிசில், அது கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ஊடாக வழங்கப்படும், மாணவர்கள் பர்சரி என்று சொல்லும் உதவித்தொகை. இரண்டையும் ஒருவர் சேர்த்துப் பெற முடியாது. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொலவை 7,500 ஆகவும், 4,000 ஆக இருந்த பர்சரியை 6,500 ஆகவும் உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஆனால் மாதம் என்று சொன்னாலும் வருடத்துக்குப் பத்துத் தவணைதான் என்பதையும், விரிவுரை வரவு எண்பது வீதத்துக்குக் குறைந்தால் அதுவும் நின்றுவிடும் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மகாபொல கிடைக்கவில்லை, பர்சரி கிடைத்தது. அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். என் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தது. அடையாள அட்டையில் அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தார்கள். வித்தியாசம் ஒரேயொரு எழுத்து. முதல் மூன்று தவணைகளும் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போய்விட்டன என்று எனக்குத் தெரியவந்தபோது தவணைப் பரீட்சை தொடங்கிவிட்டது. திருத்திய கடிதத்துக்காக ஊருக்கு இரண்டு தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முழுவதும் பஸ்ஸிலேயே கழிந்தது. அந்த மூன்று மாதமும் அறைத் தோழன் ஒருவன், அவனும் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைதான், தன்னுடைய சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து எனக்குத் தந்தான். தமிழ்ப் பெயரை மூன்று மொழிகளில் எழுதும் நாட்டில் இது எனக்கு மட்டும் நடந்த ஒன்றல்ல.

பர்சரி விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்துடன் படித்துக்கொண்டிருக்கும் சகோதரர்களின் விவரமும், வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு உள்ள தூரமும் கேட்கப்படும். பலர் வருமானப் பெட்டியை மட்டும் கவனமாக நிரப்பிவிட்டு, தம்பி தங்கையின் பாடசாலைக் கடிதத்தை இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். தோட்டம் செய்யும் குடும்பத்துக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லாததால், கிராம உத்தியோகத்தர் ஒரு நல்ல போகத்தின் கணக்கை வைத்து வருடம் முழுவதற்கும் எழுதிவிடக்கூடும். அழிந்த போகத்தையும் சேர்த்து அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விடயத்துக்கு வருகிறேன். விரிவுரை மண்டபத்துக்குள்ளேயே படிப்பு முடிந்துவிடும் மாணவருக்கும், மழையில் மலைச்சரிவில் நின்று நிலத்தின் உயரம் அளக்கும் மட்டக்கோல் பிடிக்கும் மாணவருக்கும் உதவித்தொகை ஒன்றுதான். கருவிகளைப் பீடம் தரும். சப்பாத்து, மழைக்கோட்டு, கள முகாமில் சாப்பாடு, வரைபட மென்பொருள் ஓடக்கூடிய மடிக்கணினி எல்லாம் நம் கையிலிருந்துதான். என்னுடைய முதற்சோடிச் சப்பாத்து இரண்டாவது முகாமிலேயே அடி பிரிந்து போனது. நைலோன் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் எல்லைக்கல் தேடினேன். மொறட்டுவையில் திட்டமிடல் படித்த என் சிநேகிதிக்குப் பெரிய தாள்களில் வரைபடம் அச்சிடும் செலவும், மாதிரியுரு செய்யும் அட்டைச் செலவும் அதே கதைதான். களப் பயிற்சிக்கென்று வருடத்துக்கு ஒரு தொகையை அரசு தனியாக ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் எத்தனையோ காணிகளுக்கு வேலி இல்லை, கல் இல்லை, சில இடங்களில் உறுதி என்ற காணிப் பத்திரமும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதியில் பரப்பு, குழி என்ற ஊர் அளவுகளில் எழுதியிருப்பதை வாசித்து, ஒரு பரப்பு பத்துப் பேர்ச் என்று கணித்து, காணிக்காரரின் மொழியிலேயே அவருக்கு எல்லையைக் காட்டக்கூடிய நில அளவையாளர் எங்களுக்குத் தேவை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை சப்பாத்து வாங்கப் பணமில்லாமல் வேறு துறைக்குப் போய்விடக் கூடாது.

எதை முதலில் போடுவது என்ற கேள்விக்கு, பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் பதில். இரு இடத்திலும் கிடைக்கும் உதவி ஒன்றே. வெளியில் நடந்து அளப்பதிலும் கணிதத்திலும் விருப்பம் இருந்தால் நில அளவை, ஒரு ஊர் எப்படி வளர வேண்டும் என்று மக்களுடன் பேசி யோசிப்பதில் விருப்பம் இருந்தால் திட்டமிடல். மகாபொலவுக்கான வருமான விவரம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகும் அனுமதி விண்ணப்பத்துடனேயே போவதால், அந்தப் பகுதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதற்தவணை பிந்தி வரும் என்று எண்ணி, மூன்று மாதச் சாப்பாட்டுக்காவது வீட்டில் இப்போதே வழி பாருங்கள். இன்றிரவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, உங்கள் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.