கை போனவர் மேடை ஏறலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், அண்ணன் லண்டனில். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்போம். சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் கிட்டார் சொல்லிக்கொடுத்தது அப்பச்சிதான். இங்கிலாந்து கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் என்றால் மூன்று பேருக்கும் உயிர். 2025 மே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் வாசித்தபோது நானும் போய் அண்ணனோடு சேர்ந்து கேட்டேன். வெளியே வரும்போதே சண்டை. ‘ஆள் முடிந்துவிட்டார். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், வேகமான இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறார். கை போனவன் மேடை ஏறக் கூடாது’ என்பது அண்ணன் கட்சி. ‘விரலா முக்கியம்? ஒரு கம்பியை இழுத்து வளைக்கிற வளைப்பில் மனிதர் முழுசாக இருக்கிறார்’ என்பது என் கட்சி.

ஆடியில் அண்ணன் ஊருக்கு வந்தார். வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து, டிவியில் அவருடைய பழைய கச்சேரி, புதிய கச்சேரி என்று மாற்றி மாற்றிப் போட்டு ராத்திரி வரை வாதம். அப்பச்சியும் கூடவே இருந்து கேட்டார். மறுநாள் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். அப்பச்சிக்கு ஆத்தா சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது. முகப்பில் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் பேச்சு முற்றி, அண்ணன் மனைவி அண்ணமிண்டி வரை இழுபட்டு, அசிங்கமாகிவிட்டது. அண்ணன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே லண்டன் திரும்பிவிட்டார்.

தையில் அப்பச்சிக்கு எழுபது வயது பீமரத சாந்தி. அன்று அவரை மேடையேற்றி வாசிக்க வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருவரும் திட்டம் போட்டிருந்தோம். அண்ணன் புது கிட்டாரே வாங்கி வைத்திருக்கிறார். அப்பச்சிக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறார். மற்றபடி தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிற திடமான ஆள். இப்போது யார் முதலில் பேசுவது? கச்சேரி விஷயத்தில் நியாயம் யார் பக்கம்?

பதில்: தம்பி, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன கடிதம் வராத வாரம் எனக்குக் கிடையாது. பங்கு, நகை, விசேஷத்தில் முறை செய்யாதது என்று காரணம்தான் மாறும். பாட்டுக்காகப் பேசாமல் போனவர்களும் உண்டு. ‘பெரியவருக்குக் குரல் போச்சு’, ‘போனால் என்ன, ஞானம் போகுமா’ என்று கச்சேரி வாசலில் ஆரம்பித்து, சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தவர்களை அறிவேன். போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எத்தனையோ வீட்டில் சரியாகவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் ஒரு வரியைத் தாண்டவில்லை. ‘அப்பச்சிக்கு ஆத்தா சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது.’ கிளம்பத் தாமதமானதற்குக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதானா? ஆத்தா ஏன் மாட்டிவிடுகிறார்? எப்போதிலிருந்து மாட்டிவிடுகிறார்? கேட்டீர்களா?

எஃப் கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆள்காட்டி விரலைக் குறுக்கே கிடத்தி ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும், மற்ற விரல்கள் தனித்தனியே நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் கம்பி பொத்தென்று செத்த சத்தம் போடும். அதை உங்கள் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்திச் சொல்லிக்கொடுத்த கை அது. பொத்தானை என்ன செய்ய வேண்டும்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, சாய்த்து, ஓட்டைக்குள் தள்ள வேண்டும். அந்தக் கைக்கு இன்று அது ஆகவில்லை. முகப்பில் நின்ற நீங்கள் இரண்டு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

லண்டன் மண்டபத்தில் எங்கோ ஓர் அடுக்கில் உட்கார்ந்துகொண்டு 80 வயதுக்காரரின் இடது கையில் எந்த விரல் எந்த இடத்தில் தயங்கியது என்று எண்ணத் தெரிந்தது. வீட்டில், எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த கையை இருவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

கிளாப்டன் தன் கையைப் பற்றி ஊரறியச் சொன்னவர். இடுப்பு வலியில் தொடங்கி நரம்புக் கோளாறாகிவிட்டது, வாசிப்பதே சிரமமாக இருக்கிறது என்று 2016ல் பேட்டியில் சொன்னார். 2018ல், காதும் கேட்காமல் போகிறது, கை ஏதோ ஓடுகிறது என்றார். பீட்டர் ஃபிராம்ப்டன் என்று இன்னொரு கிட்டார்காரர். தசையைத் தின்கிற வியாதி வந்திருக்கிறது என்று 2019ல் சொல்லிவிட்டுத்தான் விடைபெறும் சுற்றுப்பயணமே கிளம்பினார். இவர்கள் சொன்னதால் ரசிகன் தெரிந்துகொண்டு கேட்கிறான், வேண்டுமானால் வாதம் செய்கிறான். உங்கள் அப்பச்சி யாரிடம் சொல்வார்? சொல்லவிடாமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, ‘கை போனவன் மேடை ஏறக் கூடாது’ என்று ராத்திரி வரை தீர்ப்பு வாசித்திருக்கிறார் உங்கள் அண்ணன். சொன்ன பிள்ளை கெட்டவன் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த தகப்பனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். ‘விரலா முக்கியம்?’ விரல்தான் தம்பி முக்கியம். விரல் இல்லாமல் கிட்டார் ஏது? விரல் சொன்னபடி கேட்காத மனிதருக்கு அந்த ஆறுதல் அண்ணனின் வசவைவிடக் கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

சரி, நியாயம் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்காலி விஷயத்தில் அண்ணன் தப்பு. 1992ல் எம்டிவி சேனலின் அன்பிளக்டு நிகழ்ச்சிக்கு வாசித்தபோது கிளாப்டனுக்கு 46 வயது, அன்றும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்நாளில் அதிகம் விற்ற இசைத்தட்டு அது. வேகம் குறைந்துவிட்டது என்பதில் அண்ணன் சரி. காசு கொடுத்துக் கேட்டவனுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. தேய்ந்ததைத் தேயவில்லை என்று சாதிக்கும் ரசிகர்களை எனக்குப் பிடிக்காது. அது பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையும் இல்லை. 1964லிருந்து அதே ஆல்பர்ட் ஹாலில் 200 முறைக்கு மேல் ஏறியவர், எப்போது இறங்குவது என்று அவருக்குத் தெரியும். அவர் பாட்டை அவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். நான் டாக்டர் இல்லை. பொத்தான் மாட்டக் கை வராமல் போனதற்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம், கழுத்து எலும்பு காரணமாக இருக்கலாம், மூட்டு வாதமாகவும் இருக்கலாம். ஆனால் சர்க்கரைக்காரர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையால் நரம்பு கெட்டால் பெரும்பாலும் முதலில் போவது கால். பாதம் மரத்து, மேலே ஏறி, அப்புறம்தான் கைக்கு வரும். கைவரை அதுதான் வந்திருக்கிறது என்றால், காலின் கதி என்ன? அந்தப் பாதத்தோடுதான் குன்றக்குடியில் காவடி புறப்பட்டதும் அவர் பழனிக்கு நடக்கிறார். முள் குத்தினால் தெரியாது, தார் சுட்டால் தெரியாது, கொப்புளம் உடைந்து சீழ் வைத்த பிறகு ஆத்தா பார்த்தால்தான் உண்டு. ‘நடந்தே போகிற திடமான ஆள்’ என்று நீங்கள் நிம்மதியாக எழுதிய வரி எனக்குப் பயமாக இருக்கிறது.

சர்க்கரை டாக்டரிடமோ நரம்பு டாக்டரிடமோ கூட்டிப் போங்கள். ‘கூட்டிப் போங்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து போனில் ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்வது கணக்கில் வராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறைவதுண்டு, அதுவும் நரம்பைக் கெடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியோ மாத்திரையோ போட்டு ஈடுகட்டலாம். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மெல்லிய நைலான் இழையால் தொட்டு அழுத்துவார்கள், டியூனிங் ஃபோர்க் என்கிற இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். கிட்டார்காரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேண்டுமா? அவர் ‘தெரியுது’ என்று வீம்புக்குச் சொல்வார். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அது எடுபடாது.

‘வெளியூரில் பிழைப்பு, என்ன செய்வது’ என்பீர்கள். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் எழுதுகிற கடிதங்களில் இந்த வரி தவறாமல் வரும், கூடவே ‘எங்கள் ஐயா காலத்திலேயே பர்மா, மலாயா என்று தொழில் செய்ய, கொண்டுவிக்கப் போனவர்கள்தானே’ என்றும் வரும். போனார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வந்தார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன வீட்டில் வளவு நிறைய ஆள் இருந்தார்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் இரண்டாம் கட்டிலிருந்து பெரியாத்தா வருவார், பங்காளி வீட்டிலிருந்து ஆள் வரும். இன்று அத்தனை பெரிய வீட்டில், தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் நடுவில் இரண்டே பேர். ஒருவர் கைக்கு மற்றவர் பொத்தான் மாட்டுகிறார். ஆத்தா கைக்கும் வயதாகிறது. பிழைக்கப் போவதைக் குறை சொல்லவில்லை. பெற்றவர்கள் எழுபதைத் தொட்டபின் பிள்ளைகளில் ஒருவர் மாதத்தில் சில நாளாவது அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் ஊர். லண்டனுக்குக் கச்சேரி கேட்கப் போக லீவு கிடைத்தது அல்லவா?

அந்த மேடைத் திட்டத்தை இன்றே கைவிடுங்கள். உற்றார் உறவினர் எல்லாம் கூடியிருக்க, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிற மனிதர் மடியில் திடீரென்று புது கிட்டாரை வைத்து ‘வாசிங்கப்பச்சி’ என்பீர்களா? பிள்ளைகள் மனம் நோகக் கூடாதே என்று அவர் முயற்சி செய்வார். கம்பி செத்த சத்தம் போடும். அத்தனை செல்போனும் படம் பிடிக்கும்.

வாசிக்க ஆசை இருக்கிறதா என்று அவரையே தனியாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் வழி உண்டு. பிளாக் சப்பாத் இசைக்குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமிக்கு 17 வயதில், தகரப் பட்டறையில் கடைசி நாள் வேலையில், கம்பி பிடிக்கிற கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. விரல் நுனிக்குத் தானே மூடி செய்து மாட்டி, மெலிந்த கம்பி போட்டு, பின்னாளில் கம்பியின் இறுக்கத்தையும் தளர்த்தி வாசித்தார். அண்ணன் வாங்கிய கிட்டாருக்கு மெல்லிய கம்பி மாட்டச் சொல்லுங்கள். விழாவுக்கு முன்பே கொண்டுவந்து, யாரும் இல்லாத நேரத்தில் அப்பச்சியிடம் கொடுக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மறுபேச்சு பேசக் கூடாது.

யார் முதலில் பேசுவது என்பது கேள்வியே இல்லை. இளையவர் நீங்கள், நீங்கள்தான் பேச வேண்டும். இன்று ராத்திரி போன் போடுங்கள். மன்னிப்பு, கிளாப்டன், அண்ணமிண்டி எதுவும் எடுக்க வேண்டாம். ‘அண்ணே, அப்பச்சிக்குப் பொத்தான் போட வரலை, கவனிச்சீங்களா?’ என்று மட்டும் கேளுங்கள். பரிசோதனை அன்று வீடியோவிலாவது அவர் கூட இருக்கட்டும். சாந்திக்கு ஒரு வாரம் முன்பே வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போடட்டும். தைப்பூச நடையை டாக்டர் வேண்டாம் என்றால் அதை அப்பச்சியிடம் சொல்கிற பொறுப்பு மூத்த பிள்ளைக்கு. அது லேசுப்பட்ட வேலை இல்லை, காவடியை நீங்கள் இருவரில் ஒருவர் எடுத்துக்கொண்டால்தான் அவர் ஒத்துக்கொள்வார். யார் எடுப்பது என்று இப்போதே பேசி முடியுங்கள்.

அண்ணன் போனை எடுக்கவில்லை என்றால் அவருடைய லண்டன் முகவரியை எனக்கு அனுப்புங்கள். அவருக்குத் தனியாக எழுதுகிறேன், அது இதைவிடக் காரமாக இருக்கும்.