பூச்சிக் கேள்விகள்: தாமிரபரணியின் பெயர் தாங்கிய பூச்சி

கேள்வி: எங்கள் மோட்டார் ரூம் சுவரில் காலையில் பெரிய பட்டாம்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பேரனின் ஸ்கேலை வைத்து அளந்தேன், 22 செ.மீ. செங்கல் பொடி நிறம். ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடி பதித்தாற்போல ஒரு முக்கோணம். சிறகு நுனி அசல் பாம்புத் தலை. பேரன் செல்போனில் தேடிப் பார்த்து 'அட்லஸ்' என்கிறான். சரியா? சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், தொடவே இல்லை. ஐந்தாம் நாள் செத்துவிட்டது. நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஸ்கேல் வைத்து அளந்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. 'ரொம்பப் பெரிசு சார்' என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

இது பட்டாம்பூச்சி இல்லை, அந்துப்பூச்சி. பேரன் சொன்னது முக்கால்வாசி சரி. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758-இல் 'அட்லஸ்' என்று பெயர் வைத்த இனத்தை இந்தியாவில் பார்க்க இமயமலை, வடகிழக்குப் பக்கம் போக வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அதன் தங்கச்சி, அட்டாகஸ் தப்ரோபானிஸ். 1880-களில் இலங்கைப் பூச்சிகளை எழுதிவைத்த பிரடெரிக் மூர் வைத்த பெயர் இது. பிற்பாடு வந்தவர்கள் இதையும் அட்லஸோடு சேர்த்து அதன் கிளையினமாக எண்ணிவந்தார்கள். 1989-இல் பெய்க்லர் என்ற அமெரிக்கர் இந்தப் பேரினம் முழுவதையும் புரட்டிப்பார்த்துத் தனி இனம்தான் என்று பிரித்தார். நம் செய்தித்தாள்களுக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. வருஷா வருஷம் 'அரிய வகை அட்லஸ்' என்றுதான் படம் போடுகிறார்கள்.

தப்ரோபானிஸ் என்ற பெயரில் உங்களுக்கு ஒரு சொந்தம் உண்டு. கிரேக்கர்கள் இலங்கையைத் 'தப்ரபேன்' என்றார்கள். அது தாமிரபரணியின் திரிபு என்பார்கள். உங்கள் ஊர் ஆற்றின் பெயர் கடல் தாண்டி, கிரேக்கம் போய், லத்தீன் வேஷம் கட்டி உங்கள் மோட்டார் ரூமுக்கே திரும்பி வந்திருக்கிறது.

கண்ணாடி என்று நீங்கள் சொன்ன முக்கோணத்தில் செதில் கிடையாது. மற்ற இடத்தை விரலால் தடவினால் பொடி ஒட்டும். அங்கே ஒட்டாது, வெறும் சவ்வு. பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியும். பாம்புத் தலை முன்சிறகின் நுனி. தொந்தரவு செய்தால் மெல்லச் சிறகை அசைக்கும், அப்போது பாம்பு தலையாட்டுவது போலவே இருக்கும். அதைப் பார்த்துப் பறவைகள் மிரளும் என்கிறார்கள். நான் மிரண்டிருக்கிறேன்.

சர்க்கரைத் தண்ணீருக்காக வருத்தப்படாதீர்கள். அதற்குக் குடிக்கிற வாயே இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்புதான் அதன் சாப்பாடு. அது தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது. ஒரு வாரம் இருந்தாலே பெரிது.

தப்புச் செய்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொய்யா இலையில் சுற்றியிருந்த கூடு ஒன்றைக் கொண்டுவந்து செருப்பு டப்பாவில் போட்டு பீரோ மேல் வைத்தேன். ஒரு நாள் திறந்தால் பூச்சி வெளியே வந்திருக்கிறது. சிறகு மட்டும் பிழிந்த துணி மாதிரி சுருண்டு காய்ந்துவிட்டது. கூட்டை விட்டு வந்ததும் ஏதாவது ஒன்றைப் பற்றித் தொங்கினால்தான் உடம்பு நீரைச் சிறகுக்குள் செலுத்தி விரிக்க முடியும். டப்பாவில் தொங்க இடம் ஏது? கூடு கிடைத்தால் ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: அந்து என்றால் நெல்லில் பறக்கிற பூச்சி. இவ்வளவு பெரியதையும் அந்துப்பூச்சி என்கிறார்களே?
– வாசகர், திருவையாறு

பதில்: நியாயமான கோபம். குதிருக்குள் கை விட்டால் கிளம்புமே, அந்தச் சின்னப் பூச்சிக்குத்தான் அது பெயர். பாடப்புத்தகக்காரர்கள் குடும்பம் முழுக்கச் சூட்டிவிட்டார்கள். விட்டில் என்று வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. அடையாளம் பார்க்க உணர்கொம்பைக் கவனியுங்கள்: பட்டாம்பூச்சிக்கு நுனியில் குண்டு இருக்கும், இதற்கு இறகு போல இருக்கும், ஆணுக்கு இன்னும் அகலமாக. இருட்டில் வெகு தூரத்திலிருந்து பெண்ணின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆண் வருவது அதை வைத்துத்தான்.

கேள்வி: இதன் கூட்டில் பட்டு எடுக்கலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: மல்பெரிப் பட்டுப்புழு வேறு குடும்பம். இது சாட்டர்னிடே, அசாமின் எரிப்பட்டுக்கு உறவு. எரியைப் போலவே கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும், நூல் அறுந்து அறுந்து வரும். பஞ்சு போல நூற்கலாம். ஆரணிச் சேலைக்கு ஆகாது.

கேள்வி: சாவதற்கு முன் திரைச்சீலையில் முட்டை இட்டிருக்கிறது. பொரிக்குமா?
– அதே அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: ஆணைச் சேராத பெண்ணும் முட்டை இட்டுவிட்டுத்தான் சாகும், அப்படியானால் அவை ஒடுங்கி வற்றிவிடும். இரண்டு வாரம் திரையைத் துவைக்காமல் வையுங்கள். புழு வந்தால், வெள்ளைப் பொடி பூசிய மாதிரி இருக்கும், கொய்யா இலை வைத்துப் பாருங்கள். தின்றால் எனக்கு எழுதுங்கள்.