கறுப்பின விடுதலையில் படிப்பு பெரிதா, தன்னை அறிவது பெரிதா?

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது பள்ளிப் படிப்பா, "நாங்கள் யார்" என்ற தெளிவா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான் என்று மொட்டையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யார், யாருக்காகச் சொல்லிக்கொடுத்த படிப்பு என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலமான தென் கரோலினாவையே எடுத்துக்கொள்வோம். 1739-ல் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருடமே, அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது. தடை எழுத்துக்கு மட்டும்தான். வாசிப்பு அதில் இல்லை! பைபிள் வாசித்தால் அடங்கிக் கிடப்பார்கள், எழுதத் தெரிந்தால் வெளியே போகும் அனுமதிச் சீட்டைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள் என்ற கணக்கு. வாசிப்புக்கும் பிறகு, 1834-ல், தடை போட்டார்கள்.

அதே ஆற்றை ஒட்டிய ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் ஒரு ராத்திரி வகுப்பு தொடங்கியது. வாக்காளராகப் பதிய, அரசியலமைப்பின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்ட வேண்டும். தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற ஈசா ஜென்கின்ஸ் பஸ்ஸிலேயே அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார், போதவில்லை. அப்புறம் வந்தவர் செப்டிமா கிளார்க். சுமார் நாற்பது வருடம் ஆசிரியராக இருந்தவர். கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினர் என்பதற்காக 1956-ல் வேலையும் பென்ஷனும் பறிபோயின.

பாடம் நடத்த அவர் பிடித்தது பார்லர் நடத்திய உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனை. வாத்தியார் பயிற்சி எதுவும் இல்லாதவர். அதுதான் வசதி. வாடிக்கையாளர்கள் எல்லாம் கறுப்பினப் பெண்கள், அதனால் எந்த வெள்ளை முதலாளியும் அவர் பிழைப்பில் கை வைக்க முடியாது. முன்னால் கூட்டுறவு மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. முதலில் குழந்தைகளுக்கான பாடங்களைத்தான் கொண்டுபோனார். அது ஒத்துவராது என்று தெரிந்ததும், என்ன கற்க ஆசை என்று வகுப்புக்கு வந்த பெரியவர்களிடமே கேட்டார். பெயர் எழுத, பைபிள் வாசிக்க, மணியார்டர் ஃபாரம் நிரப்ப என்றார்கள். அவையே பாடத்திட்டம். சுவரில் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை மாட்டினார், முடிப்பதற்குள் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும் என்று.

நீங்கள் கேட்ட "தன்னை அறிவது" எனக்கு இந்தப் பின்னறையில்தான் தெரிகிறது. எகிப்து மன்னர்கள் எங்கள் முன்னோர் என்று பெருமை பேசுவதிலும் ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தன் பெயரைத் தானே எழுதி, இந்த நாட்டில் எனக்கு இன்ன உரிமை என்று வாசித்துத் தெரிந்துகொள்வது வேறு பலம்.

பள்ளிக்கூடம் இதற்கு எதிராகவும் வேலை செய்யும் என்று எச்சரித்தவர் கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன். அடிமைகளாக இருந்தவர்களின் மகன், 1912-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தன் இனத்துக்கு வரலாறே இல்லை என்று படித்து வரும் கறுப்பின இளைஞன் தானாகவே தன்னைத் தாழ்த்திக்கொள்வான் என்பது அவர் வாதம். 1926-ல் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம்தான் இன்று பிப்ரவரி முழுக்க நடக்கிறது. சுரங்கத் தொழிலாளியாக இருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஆலிவர் ஜோன்ஸ் என்ற சக தொழிலாளியின் வீட்டில் மற்றவர்களுக்கு வுட்சன் பத்திரிகை வாசித்துக் காட்டுவார். அங்கே கேட்ட கதைகள்தான் அவரை வரலாற்றுப் பக்கம் இழுத்தன. ஹார்வர்டைவிட அந்த வீட்டுக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

சரி, படித்துவிட்டால் போதுமா? போதாது. நன்றாகப் படித்தவர்களையே வாக்காளர் பதிவுக்கான வாசிப்புத் தேர்வில் தோற்றதாக எழுதிய அதிகாரிகள் தெற்கு மாநிலங்களில் இருந்தார்கள். ஜான்ஸ் தீவு மாதிரி வகுப்புகளை 1961-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்றுப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. மிசிசிப்பி மாநிலத்தின் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் அந்த அமைப்பின் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான், 1963-ல், அதே மாநிலத்து வினோனா ஊரில் கைதாகிச் சிறையில் கொடூரமாக அடிபட்டார். மறு வருடம் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் டிவி கேமராக்கள் முன் அதை அப்படியே சொன்னார். வாசிப்புத் தேர்வை நிறுத்திய வாக்குரிமைச் சட்டம் அதற்கு அடுத்த வருடம், 1965-ல் வந்தது.