பூனை வைத்தியத்துக்குப் பணம் திரட்டுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பதினாறு தெருப்பூனைகளை வைத்துப் பார்க்கிறோம். வண்டி ஏறித் தொடையெலும்பு முறிந்த ஒன்றுக்காக 'உதவுங்கள்' என்று ரத்தம் வழியும் படத்தோடு வாட்ஸ்அப்பில் போட்டோம். நான்கு நாளில் வந்தது 1,850 ரூபாய். என்ன தப்பு? – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: படம்தான் முதல் தப்பு. ரத்தத்தைக் கண்டதும் பாதிப்பேர் அடுத்த செய்திக்குத் தள்ளிவிடுவார்கள். முகம் தெரிகிற படம் ஒன்று, எக்ஸ்ரே ஒன்று போதும். எக்ஸ்ரே பிலிமைப் பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பிளாஷை அணைத்துவிட்டு எடுத்தால் முறிவு தெளிவாக விழும்.

இரண்டாவது தப்பு, தொகை சொல்லாதது. தான் போடும் நூறு ரூபாய் எதற்குப் போகிறது என்று தெரியாதவர் போடமாட்டார். அதற்காக முதல் நாளே 'ஆபரேஷனுக்கு 20,000' என்று கேட்டுவிடாதீர்கள். அடிபட்ட பூனையை அன்றே அறுக்க மாட்டார்கள். மூச்சு சீராக வேண்டும், மூத்திரம் போகிறதா என்று பார்க்க வேண்டும், அதிர்ச்சி தெளிய வேண்டும். இடுப்பெலும்பு முறிவு பலவற்றில் ஆபரேஷனே வேண்டியிருக்காது, நான்கு முதல் ஆறு வாரம் கூண்டில் அடைத்து வைத்தாலே கூடிவிடும். பெரிய தொகை கேட்டுவிட்டு அப்புறம் 'ஆபரேஷன் வேண்டாமாம்' என்றால் அடுத்த முறை உங்களை யார் நம்புவார்? முதலில் டிரிப்ஸ், வலிமருந்து, எக்ஸ்ரே ஆகியவற்றுக்கு மட்டும் கேளுங்கள். டாக்டர் முடிவு சொன்ன பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டில் எஸ்டிமேட் எழுதி வாங்கி, இரண்டாவது முறை கேளுங்கள்.

எஸ்டிமேட் இப்படி இருக்கலாம் (ரூபாய் அளவு ஊருக்கு ஊர் மாறும்): இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே 1,200, ரத்தப் பரிசோதனை 900, மயக்கமருந்தும் கம்பி வைத்து ஆபரேஷனும் 9,000, ஐந்து நாள் தங்கல் 2,500, மருந்து 1,100, புண்ணை நக்காமலிருக்கப் போடும் கழுத்துப்பட்டை 300. மொத்தம் 15,000. எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிக்கப் போகவேண்டும். கம்பியை எடுக்க வேண்டியிருந்தால் அதற்கு இன்னொரு முறை. கம்பி எடுக்க 2,500, மூன்று நடை வண்டிக்கு 2,400 சேர்த்தால் 19,900. புண் சீழ் பிடித்தால் என்று ஒரு 3,000 சேர்த்து 22,900 கேளுங்கள். அந்த மூவாயிரம் எதற்கு என்பதையும் எழுதுங்கள். உடுமலைப்பேட்டைக் கால்நடைக் கல்லூரிக்கா, குதிரான் சுரங்கம் தாண்டித் திருச்சூர் பக்கம் மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரிக்கா என்பதைப் பொறுத்து வண்டிக்காசு மாறும்.

முடிந்தால் ஆஸ்பத்திரிக் கணக்குக்கே சீட்டு எண்ணைக் குறித்து நேராகப் போடச் சொல்லுங்கள். பாலக்காட்டுப் பக்கம் அனுப்புவதை மலையாளத்தில் தனியாக எழுதுங்கள். ஒரே படத்தில் இரண்டு மொழியையும் திணித்தால் இரண்டையும் யாரும் படிப்பதில்லை. இன்னொன்று: பணம் சேரும்வரை வலிக்குமே என்று வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி: என் சொந்த ஜிபேயில் வாங்கலாமா? வரிச்சலுகை உண்டு என்று போட்டால் நிறையப் பேர் தருவார்களே? – வாசகர், கோபாலபுரம்

பதில்: வீட்டுச் செலவுக் கணக்கில் வாங்காதீர்கள். கணக்கு குழம்புவது ஒரு பக்கம். மோசடிப் பணம் யாராவது அனுப்பியிருந்தால் சைபர் கிரைம் புகாரில் உங்கள் கணக்கு முடங்கும், அரிசி வாங்கக் காசிருக்காது. இரண்டு பேர் பெயரில் தனி சேமிப்புக் கணக்கு திறங்கள். 'தெரியாமல் 10,000 அனுப்பிவிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று யாராவது சொன்னால் வேறு நம்பருக்கு அனுப்பவே கூடாது. வங்கிக்குப் போய், வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள்.

டிரஸ்டோ சங்கமோ பதிவாகி, நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் வாங்கியிருந்தால்தான் சலுகை என்று எழுதலாம். அப்போதும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் சலுகை கிடையாது. புதிய வருமான வரிமுறையில் இருப்பவருக்கும் கிடையாது.

கேள்வி: துபாயில் இருக்கும் தம்பி அனுப்புகிறான். அவனோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரப் பெண்ணும் தருகிறேன் என்கிறாள். வாங்கலாமா? – வாசகி, வேலந்தாவளம்

பதில்: தம்பியிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அந்தப் பெண் தருவது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர் தருவதும் அப்படித்தான். தம்பி வழியாகச் சேர்த்து அனுப்பச் சொல்லி மறைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் ஏழு குட்டிகளுக்கு வாந்தி, ரத்தக்கழிச்சல். டாக்டர் பேன்லூக்கோபீனியா என்ற தொற்று வைரஸ் நோய் என்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கவா? – வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: அதற்கு நேரமில்லை, இந்தக் குட்டிகள் ஓரிரு நாளிலேயே போய்விடும். ஏழுக்கும் சேர்த்து ஒரே நிதியாகக் கேளுங்கள். 'இன்று ஐந்து உயிரோடு, இரண்டு சாப்பிட்டன' என்று தினமும் மாலையில் உள்ளதை எழுதுங்கள். தருகிறவர் அந்த வரிக்காகக் காத்திருப்பார்.

துப்புரவுக்கும் பணம் ஒதுக்குங்கள். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்குச் சாகாது. தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். புதிதாக வரும் பூனையை இரண்டு வாரம் தனியறையில் வையுங்கள்.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஊசிக்கு என்று கேட்டால் யாரும் உருகி வந்து தருவதில்லை. அதற்கு மாதச் சந்தாதான் வழி. நூறு ரூபாய் தரும் நாற்பது பேர் கிடைத்தால் மாதம் 4,000 வரும். வீடுவீடாகப் பழைய பேப்பர் வாங்குங்கள், கூண்டில் விரித்தது போக மீதியைக் கடையில் போடலாம்.

கேள்வி: பணம் சேர்ந்த பிறகு பூனை செத்துவிட்டால்? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: அன்றே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் மறைத்ததாகத்தான் பேசுவார்கள். 'மீதி அடுத்த பூனைக்கு' என்பதை முதல் வேண்டுகோளிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால், திருப்பிக் கேட்பவருக்கு வாதாடாமல் கொடுத்துவிடுங்கள். பில், பாஸ்புக் பக்கம் இரண்டையும் படமெடுத்துப் போடுங்கள். போடுமுன் தந்தவர்களின் பெயரையும் நம்பரையும் ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள்.